தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிய பிள்ளை

ஏட்டையா, அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நீங்கள் கடைசி அறைக்கு நடந்து போனதை, என் வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டே நான் பார்த்தேன். கழற்றியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தீர்கள். அந்தப் பிள்ளை நைட்டியோடு வாசலில் நின்றாள்.

இப்போது தெருவில் அவளைப் பற்றி வேறு கதை ஓடுகிறது. அந்தக் கதை உங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பியது. அதனால் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவள் பெயரை எழுத மாட்டேன். ராஜபாளையத்தில் அந்தப் பெயரை இழுத்தது போதும். காம்பவுண்டில் எல்லோரும் அவளை மில்லுப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டோம்.

எங்கள் காம்பவுண்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். முன்னால் முற்றம், பொதுக் குழாய். தெருவை ஒட்டி ஏட்டையாவின் மாடி வீடு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்காரர். இங்கே பகலில் யாரும் கதவை அடைப்பதில்லை. குழம்புக்குப் புளி இல்லையென்றால் பக்கத்து அறைக்குள் நேரே போய் டப்பாவைத் திறந்து எடுத்துக்கொள்வோம். பகலில் அடைத்த கதவு என்றால் எங்களுக்கு உள்ளே சண்டை, இல்லாவிட்டால் நோய்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் இவள் வந்து கதவை அடைத்தாள்.

வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி அவள் ஊர். ஒரே அறை வீட்டில் இவளோடு சேர்த்து ஒரு பட்டாளம். வாசலுக்குக் கதவுக்குப் பதில் சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்களாம். பிறகு மில் ஹாஸ்டல். அங்கே உள்பக்கம் தாழ்ப்பாளே வைக்க மாட்டார்களாம். வார்டன் நினைத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாளாம். குளிக்கிற இடத்தில்கூட ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. அவள் பேசுவதே குறைவு. வாயையும் அடைத்துத்தான் வைத்திருப்பாள்.

எங்கள் காம்பவுண்டுக்குக் குடிவந்த புதிதில், அறையின் பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. பஜாரில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து அவளே மாட்டினாள். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து என் முன்னால் நின்றாள்.

"யக்கா, செத்த நேரம் வாங்களேன். ஒண்ணு காட்டுதேன்."

மூக்குத்தி ஏதும் வாங்கியிருக்கிறாளாக்கும் என்று போனேன். என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தாள், ஆனால் சத்தமில்லாமல் போய் விழுந்தது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறாள். பிறகு தோளால் கதவை ஒரு தடவை முட்டிப் பார்த்தாள். திரும்பவும் முட்டிப் பார்த்தாள்.

"இப்ப யாரும் வர முடியாதுல்ல யக்கா?"

"நான் எப்படிட்டி வெளிய போறது?"

"நீங்க கேட்டீங்கன்னா தொறப்பேன்" என்றாள். அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

எதையும் இரண்டு முறை பார்ப்பது அவள் வழக்கம். அரிசி டப்பாவை மூடினால் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். குழாயை அடைத்துவிட்டு நாலடி போய்த் திரும்பி வந்து இன்னொரு திருகு திருகுவாள். ஏட்டம்மா, அதுதான் ஏட்டையா சம்சாரம், இதைப் பார்த்து, "இவ என்னமோ அணைக்கட்டுக்கு ஷட்டர் போடுத மாதிரில்ல போடுதா" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

மில்லில் அவள் விரும்பிக் கேட்டு வாங்கியது மூன்றாம் ஷிப்ட், ராத்திரி வேலை. காலையில் நாங்கள் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது வருவாள். தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு. குளித்துவிட்டு முந்தின நாள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கதவை அடைத்துக்கொள்வாள். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வாள். பொழுது சாயும் வரைக்கும் தூக்கம். முதலில் எனக்கே எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன். இவள் வயசில் நான் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டேன். நடுப்பகலில் ஒரு நாளாவது கண்ணை மூடியிருக்கிறேனா?

ஏட்டம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பகல் பூரா கதவடைச்சிக் கிடக்காளே, உள்ள என்னத்தத்தான் வச்சிருக்காளோ" என்று குழாயடியில் கேட்டாள்.

"தூக்கத்த வச்சிருக்கா" என்றேன்.

"ஒனக்கு ரொம்பத் தெரியுமோ?"

"நைட்டு ஷிப்ட்டு பாத்துட்டு வார ஏட்டையாவும் அந்தக் காலத்துல பகல்லதான தூங்கியிருப்பாவ?"

"அவிய ஆம்பள. அவிய தூங்குதாவன்னு பிள்ளைகளப் பேசக்கூட விடமாட்டேன்." இதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமே இல்லை. பெருமையாகச் சொன்னாள்.

தனியாக வாழ அவள் கற்றுக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சமைக்கத் தெரியாது. ஊரில் அம்மா பார்த்துக்கொண்டாள், ஹாஸ்டலில் கேன்டீன். இங்கே வந்து கேஸ் அடுப்பு ஒன்று வாங்கிவிட்டுப் பற்றவைக்கப் பயந்துகொண்டு இரண்டு நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பிறகு கதவை அடைத்துக்கொண்டு சமைக்கப் பழகினாள். சந்தேகம் வந்தால் உள்ளிருந்தே குரல் வரும்.

"யக்கா, கடுகு வெடிக்கி. இப்ப என்ன செய்ய?"

"வெங்காயத்தப் போடு."

"அத இன்னும் உரிக்கல."

"அப்ப அடுப்ப அமத்துடி. கதவத் தொற, நான் வாரேன்."

"வேண்டாம் யக்கா. நீங்க சொல்லுங்க, நானே செஞ்சிருதேன்." கருகின வாசனை வெளியே வரும். அதையும் அவளே சாப்பிட்டுத் தீர்ப்பாள்.

ஒரு லீவு நாளில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஒரு தலையணை வாங்க வேண்டும், நல்ல பஞ்சுத் தலையணை. ராத்திரி முழுக்கப் பஞ்சில் வேலை பார்க்கிறவள், பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிவிட்டுப் பேருந்துக்கு நிற்கும்போது பால்கோவா வாங்கினாள். பெட்டியைத் திறந்து அவள் தின்ன ஆரம்பித்ததும் நான் இயல்பாகக் கையை நீட்டிவிட்டேன். அவள் பெட்டியைச் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

"இது எனக்கு யக்கா. உங்களுக்கு வேற வாங்கித் தாரேன்."

வாங்கியும் தந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வரும் வழியில், பேருந்து பாதித் தூரம் தாண்டும்போதோ எப்போதோ, அவளாகச் சொன்னாள். "எங்க வீட்டுல எது வாங்குனாலும் எல்லாத்துக்கும் பங்கு வச்சிதான் யக்கா திம்போம். ஒரு தடவையாச்சும் ஒரு பெட்டிய நானே தொறந்து நானே முடிக்கணும்னு இருந்துச்சு. தப்பா நெனைச்சிராதீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. தலையணையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் காம்பவுண்டே காலியாகித் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போய்விடும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைதான். திரும்பி வந்து துளசியைக் கொடுத்தால் வாங்கிக் கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கும் மாதா படத்துக்கே வைப்பாள். "நீங்கல்லாம் மலைக்குப் போன அன்னைக்குத்தான் யக்கா நான் நல்லா தூங்குனேன். பெருமாளுக்கு எஞ் சார்புலயும் ஒரு கும்புடு போட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்பாள்.

அவள் அத்தை ஒருத்தி தேவதானத்திலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, அக்காள், மாப்பிள்ளை எல்லோரும் காம்பவுண்டுக்கே வந்துவிட்டார்கள். ஏட்டம்மா வீட்டில்தான் நாற்காலி போட்டோம். பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாப்பிள்ளையின் அக்காள் மரியாதைக்குக் கேட்டாள். இவள் நிமிர்ந்து கேட்டாள்.

"அங்க தனி ரூம் இருக்கா? உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?"

மாப்பிள்ளை காது வரைக்கும் சிவந்துபோனான். அவன் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அறைக்குள் போகப் பறக்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவள் கேட்டது தூங்குவதற்கு. அவர்கள் போன பிறகு நான் அவளிடம், "ஏட்டி, அதையாட்டி கேப்ப?" என்றேன்.

"நைட்டு ஷிப்ட்டுக்குப் போணும்ல யக்கா. பகல்ல எங்க தூங்க?" என்றாள். அவளுக்கு அவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று கடைசிவரை புரியவில்லை. ஏட்டம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இப்போது ஓடுகிற கதைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பிறகு மாங்காய்க் காலம் வந்தது.

ஏட்டையாவுக்குச் சேத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் தோப்பு இருக்கிறது. கடைசி அறைக்கு ஜன்னல் சின்னது. வைக்கோல் போட்டு மூடினால் சூடு நிற்கும். அதனால் வருஷா வருஷம் சப்பட்டை ரக மாங்காயை அந்த அறையின் ஒரு மூலையில் அடுக்கிப் பழுக்கவைப்பது அவர் வழக்கம். குடியிருந்தவர்கள் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பழம் தின்னக் கிடைக்குமே. இவளிடமும் கேட்காமலேயே கூடை கூடையாக இறக்கினார்கள். இவள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிக்கொண்டாள். வாடகை கொடுக்கிற அறையில் பாதி மாங்காய்க்கு என்றானது.

மாங்காயைத் தினமும் புரட்டிப் பழுத்ததைப் பொறுக்க வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஒரு நாள் காலை மாங்காய் வாங்குகிற ஏவாரி வேன் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கதவு அடைத்திருந்தது. ஏட்டையா தட்டினார், கூப்பிட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறவளுக்கு எப்படிக் கேட்கும்? தட்டத் தட்டக் காம்பவுண்டே கூடிவிட்டது. அப்போது ஏட்டையாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயக்காரி இல்லை. "இந்த மாதிரி எத்தன கதவ ஒடச்சிருக்கேன் தெரியுமா? கயித்த அறுத்து நான் எறக்குன பிள்ளைக எத்தன" என்று சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்து இடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அவள் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். இடிக்கப் போனவர் நேரே போய் மாங்காய்க்குள் விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. ஏவாரி விழுந்து விழுந்து சிரித்தான். தலைவிரிகோலமாக, காதில் பஞ்சோடு நின்ற அவளையும் பார்த்துச் சிரித்தார்கள். மாங்காயில் பாதி கனிந்து அழுகியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் ஸ்க்ரூ டிரைவர் வந்தது.

ஏட்டையா, பயத்தில்தான் கழற்றினேன் என்று நீங்கள் சொல்லலாம். பயந்தது நிஜம், நான் பார்த்தேன். ஆனால் பயந்து கழற்றியவர் மாங்காயை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார். நீங்கள் அடுத்த வாரமே இன்னும் பத்துக் கூடை இறக்கினீர்கள். அதைப் புரட்டிப் பொறுக்க உங்கள் அக்காள் மகனை வைத்தீர்கள்.

அவன் எப்போது வருவான் என்று கணக்கில்லை. காலையில் வருவான், உச்சிப்பொழுதில் வருவான். தட்ட மாட்டான், தள்ளுவான். மாங்காயைப் புரட்ட எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவன் அதைவிட அதிக நேரம் உள்ளே இருந்தான். அவன் அவளைத் தொடவில்லை. அவளே அதைச் சொன்னாள். "தொடல யக்கா. சும்மா நிக்கான். கண்ணத் தொறந்து பாத்தா நிக்கான். நான் எந்திரிச்சு ஒக்காந்தா, நீ தூங்கு பிள்ள, எனக்கென்னன்னு சொல்லுதான்." இதற்குப் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

கதவுக்குப் பின்னால் தண்ணீர் வாளியை வைத்துப் பார்த்தாள். அவன் தள்ளியதில் வாளி கவிழ்ந்து வைக்கோல் நனைந்தது, அதற்கு ஏட்டம்மா திட்டினாள். துப்பட்டாவால் கதவை ஜன்னல் கம்பியோடு கட்டினாள். அறுந்துபோனது. கடைசியில் கதவிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு தூங்கினாள். அவன் தள்ளும்போது அவளும் சேர்ந்து சரிவாள். "என்ன பிள்ள, கட்டில் என்னத்துக்கு இருக்கு" என்று அவன் கேட்டது என் வாசல் வரைக்கும் கேட்டது. என் அறையில் வந்து படுக்கச் சொன்னேன். என் அறையில் என் மாமனார் பக்கவாதத்தில் கிடக்கிறார். அவருக்கு அள்ளிப்போடுவதும் துடைப்பதுமாக நாள் போகும். இரண்டு நாள் வந்து படுத்துவிட்டு, "ஒங்களுக்கு எடைஞ்சலா இருக்கும் யக்கா" என்று போய்விட்டாள்.

அறையைக் காலி செய்துவிடலாம் என்று வேறு இடம் பார்க்கவும் செய்தாள். தனியாக ஒரு பெண் என்றதும் எல்லா இடத்திலும் கதவைச் சாத்தினார்கள்.

நான் போய்க் கேட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏட்டையா, அந்தப் பிள்ளைக்கு அந்தத் தாழ்ப்பாள மாட்டிக் குடுத்துருங்க. மாங்காய நானே பொறுக்கித் தாரேன்."

"பொட்டப்பிள்ள பகல்ல கதவடச்சா நாலு பேரு என்ன பேசுவான்? அவ நல்லதுக்குத்தான் கழத்துனேன். அவளா இன்னொண்ணு மாட்டுனா ரூமக் காலி பண்ணணும்."

"ஒங்க வீட்டுக் கதவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல பூட்டு ஒண்ணு இருக்கே."

பேப்பரை மடித்தீர்கள். "நீ போயி ஒன் துணிய மடி" என்றீர்கள்.

ஷிப்ட்டுக்குப் போகும்போது அவள் நடையே மாறிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. அரிசி டப்பாவை மூடாமல் விட்டுப் போனாள், எறும்பு மொய்த்தது. குழாயைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனாள், நான்தான் அடைத்தேன். மில்லில் என்ன நடந்தது என்று கூட வேலை பார்த்த பிள்ளைகள் சொன்னார்கள். ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு கையை விட்டிருக்கிறாள். வலது கையில் கட்டை விரலும் அதற்கு அடுத்த விரலும்தான் மிச்சம்.

மில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருப்பதால் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பேருந்து பிடித்துப் போனேன். பெரிய வார்டு, வரிசையாகக் கட்டில்கள், ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவள் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கையில் கட்டு, நான் மடிக்கிற அதே பேண்டேஜ் துணி. அந்தத் துணியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தேன். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"யக்கா, மயக்க ஊசி போட்டாவ. எம்புட்டு நேரம்னே தெரியல. யாரும் எழுப்பல" என்றாள். "அம்புட்டு நல்ல தூக்கம்."

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கை ஆறிய பிறகு பேக்கிங்கில் இடது கையால் செய்கிற வேலை ஏதாவது தருவதாக மில்லில் சொல்லியிருந்தார்கள். அவளும் இடது கையால் பென்சில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்துக்கே திரும்ப வருவேன் என்றுதான் என்னிடம் சொன்னாள். அப்போதுதான் மில்லிலிருந்து ஒரு ஆபீசர் விசாரிக்க வந்தார். உங்கள் வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்தீர்கள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் காதில் நீங்கள் சொன்னது விழுந்தது.

"பகல் பூரா ஆளு வந்து போவான் சார். தூங்குனாத்தான? அந்தக் களைப்புல போயி மெஷின்ல கைய விட்டுட்டா."

ஆபீசர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மில்லிலிருந்து பதிலே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை மற்றப் பெண்களோடு எப்படிச் சேர்ப்பது என்று சூப்பர்வைசர் கேட்டதாக அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். அவள் இப்போது புதுப்பட்டியில், அந்தச் சாக்குத் தொங்கும் வீட்டில் இருக்கிறாள். ஊரிலும் அந்தப் பேச்சுப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அம்மா போனில் என்னிடம், "நெசமா தாயி?" என்று கேட்டாள். பெற்றவளே கேட்கிறாள்.

ஏட்டையா, ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கக் கூட்டம். நீங்கள்தான் தலைவர், மைக் உங்கள் கையில்தான் இருக்கும். மில்லில் வேலை பார்க்கிற நம் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். உங்கள் அக்காள் மகனும் வருவான். நான் முன்னால் வந்து உட்காருவேன். பகலில் ஆள் வந்துபோனான் என்று ஆபீசரிடம் சொன்னீர்களே, வந்துபோன ஆள் யார்? அவனை அந்த அறைக்கு அனுப்பியது யார்? காபி கொடுத்து வீட்டுக்குள் வைத்துச் சொன்னது போதும். மைக்கில் சொல்லுங்கள். பெயரோடு சொல்லுங்கள்.